நான்கு சென்டிமீட்டர் உயரத்திலிருந்து புதுச்சேரி: லெகோ சேகரித்துப் படம் பிடிக்க ஒரு முழுமையான வழிகாட்டி

எங்கள் வீட்டில் ஒவ்வொரு நவராத்திரிக்கும் ஒரு புதுப் பொம்மையாவது சேர வேண்டும் என்பது அம்மாவின் கணக்கு. கடலூரில் இருப்பதால் அதற்காக அலைய வேண்டியதில்லை, வண்டிப்பாளையத்தில் கொலு பொம்மை செய்கிறவர்களிடமே போய்விடுவோம். வாங்கிய பொம்மையைப் பழைய வேட்டித் துணியில் சுற்றி டிரங்குப் பெட்டியில் அடுக்கி, அடுத்த வருடம் கை கால் உடையாமல் எடுப்பது வரை அம்மா சொல்லிக்கொடுத்ததெல்லாம் இன்று என் லெகோ சேகரிப்புக்கு உதவுகிறது. நாற்பது வயதில் எதற்கு இந்தப் பிளாஸ்டிக் கட்டை என்று கேட்பவர்களுக்கு நான் கொலுவைத்தான் காட்டுவேன். பெரியவர்களே வாங்கி, பெரியவர்களே அடுக்கி, பெரியவர்களே பார்த்து மகிழ்கிற வழக்கம் நம் வீடுகளில் எப்போதும் இருக்கிறது.

ஆறு வருடமாக லெகோ சேர்க்கிறேன், நான்கு வருடமாகப் படம் பிடிக்கிறேன். புதிதாகத் தொடங்குகிறவர் எந்த வரிசையில் போனால் காசும் நேரமும் வீணாகாது என்று நான் நினைக்கிறேனோ, அந்த வரிசையில் எழுதுகிறேன்.

1. வாங்குவதற்கு முன் அளவைப் புரிந்துகொள்ளுங்கள்

லெகோ டென்மார்க்கில் பில்லுண்ட் என்ற ஊரில் 1932-இல் ஒரு தச்சரின் பட்டறையில் தொடங்கியது. இன்று நாம் பார்க்கும், மேலே குமிழும் அடியில் குழாயும் உள்ள கட்டைக்குக் காப்புரிமை கேட்டது 1958 ஜனவரி 28-இல். அன்று வைத்த அளவு இன்றும் மாறவில்லை. ஒரு குமிழின் நடுவிலிருந்து அடுத்த குமிழின் நடுவுக்கு 8 மி.மீ. கட்டையின் உயரம், குமிழைச் சேர்க்காமல், 9.6 மி.மீ. தட்டைக் கட்டை அதில் மூன்றில் ஒரு பங்கு, 3.2 மி.மீ.

மினிஃபிக் என்கிற குட்டி மனித உருவம் 1978-இல் வந்தது. தலைமுடி, தொப்பி இல்லாமல் அதன் உயரம் சுமார் 4 செ.மீ., அதாவது நான்கு கட்டை உயரம். ஐந்தரை அடி ஆளை அதற்கு ஒப்பிட்டால் நம் உலகம் அதற்கு ஏறக்குறைய 42 மடங்கு பெரியது. இந்த 42 என்ற எண்ணை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். வீட்டு வாசலில் அரை அடி உயரப் படி அந்த உருவத்துக்கு இரண்டு மாடிக் கட்டடம். பத்து செ.மீ. புல் அதற்கு நாலு மீட்டர் மரம். அரை மில்லிமீட்டர் மணல் துகள் அதற்கு இரண்டு செ.மீ. ஜல்லி.

ஒரு மினிஃபிக் கையில் கிடைத்ததும் கேமராவை எடுக்க வேண்டாம். அதை மாடிப்படியில், துளசி மாடத்தில், துணி துவைக்கிற கல்லில் நிறுத்திவிட்டு, கன்னம் தரையில் படுகிற மாதிரி படுத்து ஒரு கண்ணால் பாருங்கள். கல்லின் சொரசொரப்பு மலைச்சரிவாகத் தெரியும். இரண்டு நாள் இப்படிப் பார்த்துப் பழகினாலே படத்துக்கான இடம் தானாகக் கண்ணில் படத் தொடங்கும். என் அனுபவத்தில் கேமராவை விட இந்தப் பழக்கம்தான் படத்தை மாற்றியது.

2. எதை வாங்குவது

படம் பிடிப்பதுதான் நோக்கம் என்றால் முதல் மூன்று மாதத்துக்குப் பெரிய செட் எதுவும் வேண்டாம். நல்ல முகபாவம் உள்ள நாலைந்து மினிஃபிக், கொஞ்சம் உதிரிக் கட்டை, ஒரு சின்ன வண்டி போதும். 2010-இலிருந்து வரும் சேகரிப்புத் தொடர் உருவங்கள் இதற்கு ஏற்றவை. உள்ளே எந்த உருவம் இருக்கிறது என்று வெளியே தெரியாது. முன்பு பையில் வந்தன, 2023-இலிருந்து சின்ன அட்டைப் பெட்டியில் வருகின்றன. ஒரே தொடரை முழுதாகச் சேர்க்க வேண்டும் என்று கிளம்பினால் ஒரே உருவம் மூன்று முறை வரும், காசு கரையும். கிடைத்ததை வைத்து யோசியுங்கள். தலை, முடி, உடம்பு, கால் எல்லாம் கழற்றி மாற்றக்கூடியவை என்பதால் ஐந்து உருவத்திலிருந்தே நிறையப் பேரை உருவாக்கலாம்.

கட்டையும் அப்படித்தான். ஒரே நிறத்தில், எட்டுக் குமிழ் உள்ள ஆறு கட்டைகளை மட்டும் எத்தனை விதமாக இணைக்கலாம் என்று கணித அறிஞர்கள் கணக்கிட்டிருக்கிறார்கள்: 91,51,03,765 விதம். அதனால் கட்டை குறைவாக இருக்கிறதே என்று தயங்க வேண்டாம்.

நிறத்தைத் தேர்ந்தெடுக்கும்போது நம் ஊரை மனதில் வையுங்கள். புதுச்சேரி பிரெஞ்சுப் பகுதியின் கடுகு மஞ்சள் சுவருக்கு லெகோவின் சாதாரண மஞ்சள் பொருந்தாது, பளிச்சென்று அடிக்கும். சேகரிப்பவர்கள் ‘பிரைட் லைட் ஆரஞ்சு’ என்று சொல்லும் நிறம்தான் கிட்டத்தட்ட ஒத்துப்போகும். அதோடு வெள்ளைத் தட்டைக் கட்டை கொஞ்சம், ஜன்னல் கதவு இரண்டு ஜோடி இருந்தால் டூமாஸ் வீதி வீடு ஒன்றின் முகப்பு மட்டும் கட்டிவிடலாம். படத்துக்கு முகப்பு போதும், பின்பக்கம் காலியாக இருக்கட்டும்.

3. எங்கே வாங்குவது, எப்படிச் சோதிப்பது

இங்கே விலை அதிகம் என்பது உண்மை. பொம்மைகளுக்கான இறக்குமதி வரியை அரசு 2020-இல் 20 சதவீதத்திலிருந்து 60 ஆகவும், 2023-இல் 70 ஆகவும் உயர்த்தியது. ஆன்லைன் தள்ளுபடிக் காலத்துக்குக் காத்திருப்பது ஒரு வழி. புதுச்சேரிக்காரர்களுக்கு இன்னொரு வழி உண்டு. பல குடும்பங்களில் சித்தப்பாவோ அத்தையோ பிரான்சில் இருப்பார்கள், கோடை விடுமுறைக்கு வருவார்கள். பெரிய பெட்டியை அவர்கள் தலையில் கட்டாதீர்கள். உருவங்கள், கையடக்க செட் என்று சொல்லி, எண்ணையும் எழுதி அனுப்புங்கள். ஒவ்வொரு செட்டுக்கும் பெட்டியில் ஓர் எண் இருக்கும். பெயரைச் சொல்வதை விட எண்ணைச் சொல்வது குழப்பமில்லாத வழி.

உதிரிப் பாகம் தேடுகிறவர்களுக்கு 2000-இல் தொடங்கிய பிரிக்லிங்க் என்ற ஆன்லைன் சந்தை இருக்கிறது. 2019-இல் லெகோ நிறுவனமே அதை வாங்கிவிட்டது. வாங்காவிட்டாலும் பரவாயில்லை, எந்தப் பாகத்துக்கு என்ன எண், எந்த வருடம் எந்த நிறத்தில் வந்தது என்று பார்க்க அதைவிட நல்ல இடம் எனக்குத் தெரிந்து இல்லை. கட்டையின் உள்பக்கத்தில் பொடி எழுத்தில் அந்த எண் இருக்கும், வெளிச்சத்தில் சாய்த்துப் பாருங்கள்.

பழையது வாங்கினால் மூன்று சோதனை. ஒவ்வொரு குமிழின் மேலும் லெகோ என்ற பெயர் பொறித்திருக்க வேண்டும். இரண்டாவது, சாம்பல் நிறம். 2004-ஐ ஒட்டி லெகோவின் சாம்பல் நிறங்கள் கொஞ்சம் நீலம் கலந்ததாக மாறின. பழையதும் புதியதும் ஒரே சுவரில் கலந்தால் படத்தில் திட்டுத்திட்டாகத் தெரியும். மூன்றாவது, பழுப்பும் அடர்சிவப்பும். இந்த இரண்டு நிறத்திலும் சில வருடத் தயாரிப்புகள் எளிதில் விரிசல் விடும், அழுத்தமாகக் கழற்றினால் கையோடு வரும். ஒரு முறை ஆன்லைனில் ஒருவரிடம் பழைய உருவங்கள் பத்து என்று வாங்கினேன், வந்ததில் ஆறு போலி. முகத்து அச்சு ஒரு மாதத்தில் மங்கிவிட்டது. குமிழையும் கழுத்துத் தண்டையும் கிட்டத்தில் படம் எடுத்து அனுப்பச் சொல்லிப் பார்த்த பிறகே இப்போது பணம் அனுப்புகிறேன்.

4. வைத்துக்கொள்வது

நம் கடற்கரையில் மூன்று எதிரிகள்: வெயில், உப்பு, மழைக்கால ஈரம்.

கட்டை ஏ.பி.எஸ். என்ற பிளாஸ்டிக். வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர் பட்டால் வெள்ளையும் சாம்பலும் மஞ்சளாகும், நீலம் பச்சையாக மங்கும். அதனால் கிழக்கு ஜன்னல் பக்கம் அலமாரி வேண்டாம். அக்னி நட்சத்திரத்தில் பூட்டிய காருக்குள் பையை விட்டுவிட்டுப் போகாதீர்கள். உருவங்களை நான் மருந்து டப்பா, தீப்பெட்டி அளவுப் பிளாஸ்டிக் டப்பா என்று தனித்தனியாக வைத்து, உள்ளே ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் பை ஒன்று போடுகிறேன். கட்டைகளை நிறம் பார்த்துப் பிரிக்காமல் வடிவம் பார்த்துப் பிரியுங்கள். குவியலில் நிறத்தைக் கண் சட்டென்று கண்டுபிடிக்கும், வடிவத்தைத் தேடத்தான் நேரம் போகும்.

ஐப்பசி பிறப்பதற்குள் எல்லாவற்றையும் தரையிலிருந்து இரண்டடி மேலே ஏற்றிவிடுவேன். 2011 டிசம்பர் 30-இல் தானே புயல் கடலூருக்கும் புதுச்சேரிக்கும் நடுவில்தான் கரையைக் கடந்தது. 2024 நவம்பர் 30-இல் ஃபெஞ்சல் புதுச்சேரி அருகே கடந்தபோது தாழ்வான தெருக்களில் வீட்டுக்குள் தண்ணீர் வந்தது. கட்டைக்குத் தண்ணீரால் ஒன்றும் ஆகாது. பெட்டி, வழிகாட்டிப் புத்தகம், ஒட்டும் ஸ்டிக்கர் ஷீட் இவைதான் போய்விடும். லென்ஸுக்குள் பூஞ்சை பிடிப்பதும் இந்த மாதங்களில்தான். கேமராவை மூடி இறுகிய டப்பாவில், சிலிக்கா ஜெல்லோடு வையுங்கள்.

5. கருவிகள்

கையில் இருக்கும் போனே போதும். போன் கேமராவின் சென்சார் சிறியது என்பதால், கிட்டத்தில் எடுக்கும்போது பெரிய கேமராவை விட அதிக ஆழம் தெளிவாக விழும். இந்த விளையாட்டில் அது பெரிய வசதி. கேமராவும், மிகக் கிட்டத்தில் எடுக்க உதவும் மேக்ரோ லென்ஸும் இருப்பவர்கள் அப்பெர்ச்சரை, அதாவது லென்ஸ் திறப்பின் அளவை, எஃப் 8-இலிருந்து எஃப் 11 வரை வைத்துத் தொடங்குங்கள். திறப்பு பெரிதாகும் எஃப் 2.8-இல் மூக்குக்கு நேராக முகம் தெளிந்தால் தொப்பியின் விளிம்பு மங்கிவிடும்.

மற்றவை எல்லாம் வீட்டிலும் காந்தி வீதி சண்டே மார்க்கெட்டிலும் கிடைப்பவை. பூவுக்குத் தண்ணீர் தெளிக்கிற ஸ்பிரே பாட்டில், டீ வடிகட்டி, தூசி தட்ட மென்மையான மேக்கப் பிரஷ், பட்டர் பேப்பர், வெள்ளை அட்டை, சாக்லேட் பெட்டியின் தங்கத் தாள், சுவரில் போஸ்டர் ஒட்டுகிற களிம்பு கொஞ்சம். உருவத்தின் காலடியில் அந்தக் களிம்பை மிளகு அளவு வைத்தால் காற்றில் சாயாது. படுப்பதற்குப் பழைய யோகா பாய் ஒன்று.

6. வீட்டிலேயே ஒரு வாரம்

ஜன்னல் ஓரம் ஒரு மேசை. ஜன்னலில் பட்டர் பேப்பர் ஒட்டுங்கள். பளபளப்பான பிளாஸ்டிக்கில் நேர் வெளிச்சம் பட்டால் தலையில் வெள்ளைப் புள்ளி எரியும், பட்டர் பேப்பர் அதை மெதுவாக்கும். வெளிச்சம் ஒரு பக்கத்திலிருந்து வரட்டும், எதிர்ப் பக்கம் வெள்ளை அட்டையைச் சாய்த்து நிழலை நிரப்புங்கள்.

போனைத் தலைகீழாகப் பிடியுங்கள். அப்போதுதான் லென்ஸ் தரையை ஒட்டி வரும், உருவத்தின் கண் மட்டத்துக்கு இறங்கும். மிகக் கிட்டே போகாமல் ஓரடி தள்ளி இரண்டு மடங்கு ஜூமில் எடுங்கள். கிட்டே போனால் போனின் நிழலே படத்தில் விழும், முகமும் உப்பித் தெரியும். கண் மேல் விரலை அழுத்திப் பிடித்து ஃபோகஸைப் பூட்டுங்கள். பிறகு வெளிச்ச அளவைக் கொஞ்சம் குறையுங்கள். மஞ்சள் முகம் சீக்கிரம் வெளுத்துப்போகும் என்பதால் குறைத்து எடுத்துப் பிறகு ஏற்றுவதே நல்லது. போர்ட்ரெயிட் மோடு வேண்டாம், அது கையில் உள்ள வாளையும் தொப்பி நுனியையும் அரித்துவிடும்.

இந்த வாரத்தில் சமையலறையையும் பயன்படுத்துங்கள். பனிக்குக் கோலமாவு நன்றாக இருக்கும், ஆனால் பச்சரிசி மாவு வேண்டாம், எறும்பு வந்துவிடும். கல் மாவை வடிகட்டியில் தட்டித் தூவினால் மினிஃபிக்கின் அளவுக்கு ஏற்ற நயம் கிடைக்கும். பாலைவனத்துக்கு ரவை. மூடுபனிக்குச் சாம்பிராணியை விட எதுவும் மிஞ்சாது. தூபக்காலைப் படத்துக்கு வெளியே, கட்டையிலிருந்து இரண்டடி தள்ளி வைத்து, மின்விசிறியை நிறுத்திவிட்டு, அட்டையால் மெதுவாக விசிறுங்கள். ஜன்னல் வெளிச்சம் அந்தப் புகையின் பின்னால் இருந்து வந்தால் ஒரு காடே தெரியும்.

7. வெளியே போவது

நம் கடல் கிழக்கே இருக்கிறது. சூரியன் கடலில் எழுகிறது, ஊருக்குப் பின்னால் மறைகிறது. அதனால் கடற்கரைப் படத்துக்கு அதிகாலைதான். ஜனவரியில் 6:30-ஐ ஒட்டியும், மே, ஜூனில் 5:40-ஐ ஒட்டியும் சூரியன் வரும். அதற்கு அரை மணி நேரம் முன்பே போய் இடம் பார்த்து உருவத்தை நிறுத்திவிட வேண்டும், நல்ல வெளிச்சம் இருபது நிமிடம்தான்.

புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் கொட்டியிருக்கும் கருங்கற்கள் மினிஃபிக்குக்கு மலைத்தொடர். ஆனால் கடலை நோக்கிய கல்லில் நிறுத்தாதீர்கள். என் முதல் மாலுமி உருவம் அங்கேதான் ஓர் அலையோடு போனது, இரண்டு கல்லுக்கு நடுவில் விழுந்ததைக் கடைசிவரை எடுக்க முடியவில்லை. இப்போது சாலைப் பக்கத்துக் கல்லிலேயே நிறுத்தி, பின்னணியில் கடல் மங்கலாகத் தெரிகிற மாதிரி எடுக்கிறேன். 1836-இல் கட்டிய பழைய கலங்கரை விளக்கத்தைத் தூரத்தில் வைத்து உருவத்தை முன்னால் நிறுத்தினால், இரண்டும் ஒரே உயரமாகத் தெரிகிற கோணம் ஒன்று கிடைக்கும். அதைக் கண்டுபிடிக்க நான் மூன்று ஞாயிற்றுக்கிழமை போனேன்.

மஞ்சள் சுவர் தெருக்களுக்கு எட்டு மணிக்கு முன் போங்கள். டூமாஸ் வீதியும் ரோமன் ரோலண்ட் வீதியும் கடலுக்கு இணையாக ஓடுவதால், கிழக்கு பார்த்த முகப்புகளில் காலை வெயில் நேராக விழும். அந்த மஞ்சள் சுவரே ஒரு விளக்கு மாதிரி எதிரே உள்ள எல்லாவற்றிலும் நிறம் பூசும். பக்கவாட்டில் வெள்ளை அட்டையை வைத்தால் உருவத்தின் வெள்ளைச் சட்டை வெள்ளையாக வரும். சுவரடியில் உதிர்ந்து கிடக்கும் காகிதப்பூ ஒன்று போதும், அது அந்த உருவத்துக்குக் கூடாரம் அளவு பெரியது. யாரோ ஒருவர் வாசல் என்பதை மறக்காமல், ஆள் இருந்தால் கேட்டுவிட்டு உட்காருங்கள். ஆசிரமத்துக்குள் அனுமதி இல்லாமல் கேமராவை எடுக்கக் கூடாது.

கடலூர் பக்கம் எனக்குப் பிடித்தது தேவனாம்பட்டினம் வெள்ளிக் கடற்கரை. மணல் நேராக எடுத்தால் ஜல்லி மாதிரி தெரியும் என்று முன்பே சொன்னேன். அங்கேதான் டீ வடிகட்டி வேலை செய்யும். காய்ந்த மணலைச் சலித்து, உருவத்தைச் சுற்றி ஒரு தட்டு அளவு இடத்தில் மட்டும் நயமான மணலைப் பரப்புங்கள். தண்ணீர் மட்டும் நம் பேச்சைக் கேட்காது. துளியின் அளவை மாற்ற முடியாது என்பதால், கடலலை பக்கத்தில் வந்தால் பொம்மை என்று உடனே தெரிந்துவிடும். அலை வடிந்த பிறகு மின்னும் ஈர மணலை வைத்து எடுங்கள், அதில் வானம் தெரியும், உருவத்தின் நிழலும் தெரியும்.

அங்கே ஒரு நாள் மீன் கூடையோடு போன ஓர் அம்மா நின்று, “என்னப்பா, இம்மாத்தூண்டு பொம்மைக்கா இவ்ளோ நேரமா படுத்துக் கெடக்குற?” என்று கேட்டார். “இப்படி வந்து பாருங்கம்மா” என்று போனைக் காட்டினேன். திரையில் அந்த உருவம் படகுக்குப் பக்கத்தில் ஆள் உயரத்துக்கு நின்றது. கூடையை இறக்கி வைத்துவிட்டு, “அந்தப் படகு எங்களுதுதான், பேரு தெரியுற மாதிரி எடு” என்றார். அவர் சொன்ன பிறகு நான் பத்தடி தள்ளிப் படுத்தேன். என்னிடம் இருக்கும் படங்களில் நான் பெரிதாக அச்சிட்டு மாட்டியிருப்பது அந்த ஒன்றைத்தான்.

பருவத்தையும் கவனியுங்கள். வடகிழக்குப் பருவமழை முடிகிற நேரத்தில் காம்பவுண்டுச் சுவரெல்லாம் பாசி பிடித்திருக்கும். அந்தப் பாசிதான் மினிஃபிக்குக்குச் சரியான அளவில் கிடைக்கும் மழைக்காடு. மார்கழிக் காலையில் அருகம்புல் நுனியில் பனி நிற்கும். இந்த இரண்டு மாதங்களில் நான் வீட்டுத் தெருவைத் தாண்டுவதே இல்லை. மாலையில் போகிறவர்கள் கொசுவுக்குப் பூசுகிற க்ரீமில் டீட் என்ற வேதிப்பொருள் இருந்தால் கையைக் கழுவிவிட்டு உருவத்தைத் தொடுங்கள், அது சில பிளாஸ்டிக்குகளை இளக்கும்.

8. எடுத்த பிறகு

படத்தில் அதிகம் திருத்த வேண்டியதில்லை. ஸ்னாப்சீட் என்ற இலவச ஆப்பில் ஹீலிங் என்ற கருவியால் தூசியையும் முட்டுக் கொடுத்த களிம்பையும் அழியுங்கள், வெளிச்சத்தைச் சரிசெய்யுங்கள், அவ்வளவுதான். இடம், தேதி, நேரம், எந்த உருவம் என்று ஒரு நோட்டில் எழுதுங்கள். அடுத்த வருடம் அதே வெளிச்சத்துக்கு அதே இடம் போக அது உதவும்.

வீட்டுக்கு வந்த அன்றே கழுவிவிடுங்கள். இடுப்பிலும் தோளிலும் மணல் சிக்கினால் திருப்பத் திருப்பக் கீறும், கால் தொளதொளத்துவிடும். உருவத்தைக் கழற்றி, வலைப்பையில் போட்டு, 40 டிகிரிக்கு மேல் போகாத தண்ணீரில் பாத்திரம் கழுவும் திரவம் ஒரு சொட்டு விட்டு அலசுங்கள். பிறகு நல்ல தண்ணீரில் ஒரு முறை, உப்பு போக. நிழலில் துண்டின் மேல் உலரட்டும். அச்சிட்ட முகத்தைத் தேய்க்க வேண்டாம். நெயில் பாலிஷ் அழிக்கிற அசிட்டோன் பக்கத்திலேயே வரக் கூடாது, அது கட்டையையே கரைத்துவிடும்.

9. இந்த வருடக் கொலுவுக்கு

போன வருடம் கொலுப்படிக்குக் கீழே பார்க் வைக்கிற இடத்தை அம்மா எனக்கு விட்டுக்கொடுத்தார். மஞ்சள் முகப்பு மூன்று கட்டி, வண்டிப்பாளையத்துச் செட்டியார் பொம்மைக்கு எதிரே வைத்தேன். இந்த வருடம் கடற்கரைச் சாலை. காந்தி சிலையின் உயரம் சுமார் 13 அடி, 42-ஆல் வகுத்தால் பத்துக் கட்டை உயரம் வருகிறது. சிலையை நிமிர்த்திவிட்டேன். சுற்றி நிற்கிற, செஞ்சியிலிருந்து வந்த எட்டுக் கற்றூண்களில் ஐந்துதான் ஆகியிருக்கிறது. மூன்றுக்குப் புதுச் சாம்பல் நிறத்தில் உருளைக் கட்டை வேண்டும். பாரிஸிலிருந்து வரும் அத்தைக்கு எண்ணை எழுதி அனுப்பியிருக்கிறேன்.